லிப்ரே ஆபிஸ் பேஸை மரியாடிபியோடு இணைப்பது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

லிப்ரே ஆபிஸ் பேஸில் டேபிள் போட்டு, ஃபார்ம் செய்து, தகவல்களை ஏற்ற ஆரம்பித்திருக்கிறீர்களா? அப்படியானால் முதலில் பேஸ் ஜன்னலின் அடியில் இருக்கும் பட்டையைப் பாருங்கள். அங்கே ‘எம்பெடட் டேட்டாபேஸ்’ என்று இருந்தால் இது உங்களுக்காக எழுதியதுதான்.

அப்படி இருந்தால், உங்கள் டேபிள், ஃபார்ம், குவெரி, அதிலுள்ள ஒவ்வொரு வரித் தகவலும் ஒரே ஓடிபி கோப்புக்குள் இருக்கின்றன. அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. திறக்கும்போது மூட்டை பிரிகிறது, சேமித்து மூடும்போது மறுபடி கட்டப்படுகிறது. கட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் கரண்ட் போனால் மூட்டை அரைகுறையாக நிற்கும். எங்கள் தெருப் படிப்பகத்தின் புத்தகப் பதிவு முழுவதும் இப்படித்தான் ஒரு மாலையில் போனது. மூன்று வாரத்துக்கு முந்தைய காப்பி ஒன்று இருந்தது, ஆனால் அந்த மூன்று வாரத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்பதை வீடு வீடாகக் கேட்டுத்தான் மறுபடி எழுதினோம். இரண்டு புத்தகங்கள் திரும்பி வரவேயில்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: பேஸ் நல்ல வாசல், ஆனால் களஞ்சியம் இல்லை. தரவு தனியாக ஒரு சர்வரில் இருக்கட்டும், பேஸ் வழியாக உள்ளே போய் வருவோம். சர்வர் என்றதும் பெரிய எந்திரத்தை நினைக்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே பின்னணியில் ஓடும் ஒரு மென்பொருள்தான் அது. நீங்கள் ஒரு பதிவை உள்ளிட்டு அடுத்த பதிவுக்கு நகர்ந்த அந்தக் கணமே அதை வட்டில் எழுதிவிடும். நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி கிளம்பும்போது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

எந்த சர்வர்? போஸ்ட்கிரஸ் நல்லது, மைஎஸ்க்யூஎல் நல்லது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது மரியாடிபி. 2009இல் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளை பிரிந்தது, இலவசம். இதற்கான இணைப்பி, அதாவது பேஸையும் சர்வரையும் பேச வைக்கும் சின்ன நிரல், லிப்ரே ஆபிஸுக்குள்ளேயே வருவதால் இணைப்புக்காக ஜாவா, ஜேடிபிசி, ஓடிபிசி என்று வேறு வழிகள் எதையும் தனியாகத் தேடி அலைய வேண்டாம். பழைய வழிகாட்டிகளில் ஜார் என்ற ஜாவா இணைப்பிக் கோப்பை எடுத்து வந்து கிளாஸ் பாத்தில் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்த வழியும் வேலை செய்யும், ஆனால் நமக்கு இப்போது தேவையில்லை.

கீழே விண்டோஸை வைத்துச் சொல்கிறேன், உபுண்டு என்ற லினக்ஸில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். பட்டன், மெனு பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே அவற்றை ஒலிப்பு அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

மரியாடிபியை நிறுவுதல்

மரியாடிபியின் தளத்திலிருந்து விண்டோஸுக்கான எம்எஸ்ஐ கோப்பை இறக்கி ஓட விடுங்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போகலாம், ஆனால் ஒரு திரையில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். அங்கே ரூட் என்ற தலைமைப் பயனருக்கு பாஸ்வேர்ட் கேட்கும். ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு இடுங்கள், ஏனென்றால் பிறகு மறந்தால் மீட்பது பெரிய வேலை. அதே திரையில் ‘யூஸ் யுடிஎஃப்8’ என்று தொடங்கும் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். தமிழில் பெயர்கள் எழுதப் போகும் நமக்கு இந்த ஒரு டிக் மிகவும் முக்கியம். ரூட்டை வெளிக் கணினிகளிலிருந்து அனுமதிக்கவா என்று கேட்கும் கட்டத்தை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்த திரையில் சர்வீஸாக நிறுவவா, போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்) 3306ஆ என்று கேட்கும். இரண்டையும் அப்படியே விடுங்கள். சர்வீஸாக நிறுவினால் கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் தானாகக் கிளம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கணினியில் ஏற்கெனவே சாம்ப் என்ற வெப்சைட் பழகும் மென்பொருள் தொகுப்பு இருந்தால் அதற்குள் மரியாடிபி இருக்கிறது, அதுவும் 3306இல்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால் மோதிக்கொள்ளும். ஒன்றை நிறுத்துங்கள்.

உபுண்டுவில் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே மரியாடிபி சர்வரை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அங்கே பேஸும் சரி, மைஎஸ்க்யூஎல் இணைப்பியும் சரி, தனித்தனிப் பொதிகள். லிப்ரே ஆபிஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் பிறகு இணைக்கும்போது அந்த வழியே காட்டாது. இரண்டையும் தேடி நிறுவிக்கொள்ளுங்கள்.

தரவுத்தளமும் ஒரு பயனரும்

விண்டோஸ் நிறுவியோடு ஹெய்டிஎஸ்க்யூஎல் என்ற சின்னக் கருவியும் சேர்ந்து வரும். கட்டளை எதுவும் தட்டாமல் சர்வரை நிர்வகிக்க இது போதும். திறந்து, நியூ அழுத்தி, பயனர் ரூட், நீங்கள் எழுதி வைத்த பாஸ்வேர்ட், போர்ட் 3306 என்று கொடுத்து ஓபன் அழுத்துங்கள். இடது பக்கம் ஒரு மரம் போல விரியும். அதன் உச்சியில் வலது கிளிக் செய்து, கிரியேட் நியூ, டேட்டாபேஸ் என்று போங்கள். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் எழுதுங்கள். டேபிள் பெயர்களுக்கும் இதே பழக்கம் நல்லது. விண்டோஸில் மரியாடிபி பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, லினக்ஸில் பார்க்கும். நாளைக்கு இடம் மாற்றினால் இந்தச் சின்ன விஷயம் நாள் முழுக்கத் தேட வைக்கும்.

கொலேஷன் என்பது எழுத்துகளை எப்படிச் சேமிப்பது, எப்படி வரிசைப்படுத்துவது என்ற அமைப்பு. அந்த இடத்தில் யுடிஎஃப்8எம்பி4 என்று தொடங்கும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். வெறும் யுடிஎஃப்8 போதாதா என்று கேட்கலாம். மரியாடிபியில் அந்தப் பெயரில் இருப்பது ஒரு எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். நம் வழக்கமான தமிழ் எழுத்துகள் சரியாக மூன்று பைட்டில் அடங்கிவிடும். ஆனால் 2019இல் யூனிகோடில் தனியாகச் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகள், நில அளவைக் குறிகள் எல்லாம் நான்கு பைட். ஊர்ப் பழைய கணக்கையோ பட்டயத்தையோ பதிவு செய்கிறவருக்கு அது வேண்டும்.

சரி, தரவுத்தளம் ஆயிற்று. இனி பயனர். ரூட்டை வைத்தே பேஸை இணைக்க மனம் வரும், தயவுசெய்து வேண்டாம். ரூட்டுக்கு எல்லாவற்றையும் அழிக்கும் உரிமை இருக்கிறது, தினசரிப் பதிவு போட அந்த உரிமை எதற்கு? உபுண்டுவில் ரூட் பாஸ்வேர்ட் கேட்டு உள்ளே விடாது, கணினியின் நிர்வாகிக்கு மட்டும் திறக்கும் என்பதால் பேஸிலிருந்து முயன்றாலும் நடக்காது.

ஹெய்டியில் டூல்ஸ் மெனுவில் யூசர் மேனேஜர் இருக்கிறது. ஆட் அழுத்தி ஒரு பெயர், பாஸ்வேர்ட் கொடுங்கள். ‘ஃப்ரம் ஹோஸ்ட்’ என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் இருக்கட்டும், அதாவது இதே கணினியிலிருந்து மட்டும். பிறகு ஆட் ஆப்ஜெக்ட் அழுத்தி உங்கள் தரவுத்தளத்தைத் தேர்ந்து, செலக்ட், இன்செர்ட், அப்டேட், டெலீட் என்ற நான்கு உரிமைகளை மட்டும் டிக் செய்து சேமியுங்கள். பார்க்க, சேர்க்க, திருத்த, நீக்க முடியும், டேபிளையே தூக்கி எறிய முடியாது.

டேபிள் போடும்போது

டேபிள்களை ஹெய்டியிலேயே போடுங்கள். பேஸிலிருந்தும் போடலாம், ஆனால் இங்கே எல்லா வகைகளும் கண்முன் இருக்கும், கட்டுப்பாடும் அதிகம். தரவுத்தளத்தின் மேல் வலது கிளிக், கிரியேட் நியூ, டேபிள். முதல் நெடுவரிசை எப்போதும் ஒரு எண்ணாக இருக்கட்டும்: வகை இன்ட், டிஃபால்ட் என்ற கட்டத்தில் ஆட்டோ இன்கிரிமென்ட், அதாவது எண் தானாக ஏறும். அந்த வரியில் வலது கிளிக் செய்து கிரியேட் நியூ இன்டெக்ஸ், பிரைமரி என்று கொடுங்கள்.

ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் இந்த பிரைமரி கீயை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத டேபிளை பேஸ் திறந்து காட்டும், ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடாது. ‘இணைப்பு சரியாக இருக்கிறது, எல்லாம் தெரிகிறது, தட்டினால் ஏறவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொன்று, நெடுவரிசையின் நீளம். பெயர் போன்ற எழுத்துத் தகவலுக்கான வகை வார்கேர். வார்கேர் 20 என்று கொடுத்தால் 20 எழுத்து. ஆனால் யாருடைய கணக்கில் 20? ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ‘ஸ்ரீ’ நமக்கு ஒன்று, அதற்கு நான்கு. எனவே ஆங்கிலப் பெயருக்கு 50 போதும் என்று தோன்றினால் தமிழுக்கு 100, 150 என்று தாராளமாகக் கொடுங்கள். வார்கேரில் அதிகம் கொடுப்பதால் இடம் வீணாகாது, எழுதிய அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ளும். குறைத்துக் கொடுத்தால் நீளமான பெயர்களை ஏற்க மறுத்து எரர் காட்டும், அதுவும் வேலை மும்முரத்தில் இருக்கும்போது காட்டும்.

பேஸை இணைத்தல்

இதுதான் தலைப்பில் சொன்ன வேலை, ஆனால் மேலே உள்ளதைச் சரியாகச் செய்திருந்தால் இது ஐந்து நிமிடம்.

பேஸைத் திறந்ததும் வழிகாட்டித் திரை வரும். மூன்று வழிகள் இருக்கும்: புதிதாக உருவாக்கு, இருக்கும் கோப்பைத் திற, இருக்கும் தரவுத்தளத்தோடு இணை. மூன்றாவதைத் தேர்ந்து, பட்டியலில் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்பதைத் தேர்ந்து நெக்ஸ்ட். அடுத்த திரையில் ஓடிபிசி, ஜேடிபிசி, நேரடி இணைப்பு என்று மூன்று. ‘கனெக்ட் டைரக்ட்லி’ என்பதை எடுங்கள்.

இனி தரவுத்தளத்தின் பெயர், சர்வர், போர்ட். பெயரை ஹெய்டியில் எழுதியது போலவே எழுதுங்கள். சர்வர் இடத்தில் லோக்கல்ஹோஸ்ட், ஆங்கிலத்தில், ஒரே சொல்லாக. போர்ட் 3306. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் இணைப்பி நெட்வொர்க் வழியாகப் போகாமல் சாக்கெட் என்ற ஒரு கோப்பு வழியாகப் போகப் பார்க்கும். லிப்ரே ஆபிஸை ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்ற தனிப்பெட்டிப் பொதிகளில் ஒன்றாக நிறுவியிருந்தால் அந்தக் கோப்பு அதன் கண்ணில் படாமல் போகலாம். அப்போது லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதினால் நெட்வொர்க் வழியிலேயே போகும்.

அடுத்து பயனர் பெயர். நாம் உருவாக்கிய அந்தச் சாதாரணப் பயனர், ரூட் அல்ல. ‘பாஸ்வேர்ட் ரிக்வயர்ட்’ என்பதை டிக் செய்து, டெஸ்ட் கனெக்ஷன் அழுத்துங்கள். பாஸ்வேர்டைக் கேட்கும், கொடுத்தால் வெற்றி என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையா, கீழே ‘கதவு திறக்கவில்லை என்றால்’ பகுதிக்கு வாருங்கள், இந்த வழிகாட்டித் திரையை மூட வேண்டாம்.

கடைசித் திரையில் தரவுத்தளத்தைப் பதிவு செய்யவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அப்போதுதான் ரைட்டரிலும் கால்கிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இதே டேபிள்கள் வந்து நிற்கும். உறுப்பினர்களுக்குக் கடிதம் அடிக்க, முகவரிச் சீட்டு அச்சடிக்க அது அவ்வளவு உதவும்.

பினிஷ் அழுத்தியதும் ஒரு ஓடிபி கோப்பைச் சேமிக்கச் சொல்லும். இது பழைய மாதிரி மூட்டை இல்லை. இதற்குள் ஃபார்ம், குவெரி, ரிப்போர்ட், அப்புறம் சர்வரின் முகவரி, அவ்வளவுதான். தரவு ஒரு வரிகூட இல்லை.

டேபிள்ஸ் பகுதியில் தரவுத்தளத்தின் பெயருக்குக் கீழே உங்கள் டேபிள்கள் தெரியும். பின்னால் ஹெய்டியில் புது டேபிள் சேர்த்தால் பேஸ் தானாகக் கவனிக்காது. வியூ மெனுவில் ரிஃப்ரெஷ் டேபிள்ஸ் கொடுங்கள். குவெரி எழுதும்போது மரியாடிபிக்கே உரிய ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் பேஸ் புரியவில்லை என்று சொல்லும். எஸ்க்யூஎல் பார்வையில் ‘ரன் எஸ்க்யூஎல் கமாண்ட் டைரக்ட்லி’ என்ற பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் பேஸ் தலையிடாமல் நேராக சர்வருக்கு அனுப்பிவிடும். ரிப்போர்ட் உருவாக்க ஜாவா வேண்டும்.

பழைய தரவைக் கொண்டுவருதல்

பழைய ஓடிபி கோப்பு இருந்தால் அதையும் புதியதையும் இரண்டு ஜன்னலில் திறந்து வையுங்கள். பழையதில் டேபிளைக் காப்பி செய்து புதியதின் டேபிள்ஸ் பகுதியில் பேஸ்ட் செய்தால் ஒரு உதவித் திரை வரும். நாம்தான் டேபிளை முன்பே போட்டுவிட்டோமே, அதனால் ‘அப்பெண்ட் டேட்டா’ என்பதைத் தேர்ந்து, மேலே டேபிள் பெயரைச் சரியாக எழுதி, அடுத்த திரையில் இரண்டு பக்க நெடுவரிசைகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். தள்ளி இருந்தால் அம்புக்குறியால் ஏற்றி இறக்கலாம். பழைய எண்களை அப்படியே கொண்டுவாருங்கள். புத்தக எண்ணை நம்பித்தான் கடன் பதிவு நிற்கிறது, புதிதாக எண் விழுந்தால் யாரோ எடுத்த புத்தகம் வேறு யாரோ பெயரில் நிற்கும்.

எக்செல், கால்க் தாளிலிருந்தும் இதே மாதிரி காப்பி செய்து பேஸ்ட் செய்யலாம். ஆனால் தாள் பழையதாக இருந்தால் ஒரு செல்லைத் தேர்ந்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது, யூனிகோடு அல்ல. அதை அப்படியே ஏற்றினால் டேபிள் முழுக்கக் குப்பையாக இருக்கும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. எழுத்துரு மாற்றி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக்கிய பிறகு ஏற்றுங்கள். அதே போல, ஏற்றிய பிறகு தமிழுக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் அந்த நெடுவரிசையின் எழுத்துத் தொகுதி தவறாக இருக்கிறது என்று பொருள். கேள்விக்குறியாகப் பதிந்தது திரும்பத் தமிழாகாது. கொலேஷனை மாற்றிவிட்டு முதலிலிருந்து ஏற்றத்தான் வேண்டும். அதனால் முதலில் பத்து வரி மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

கதவு திறக்கவில்லை என்றால்

எரரில் வரும் எண்ணைப் பாருங்கள், அதுவே பாதி பதில்.

1045 என்றால் சர்வர் இருக்கிறது, பயனரோ பாஸ்வேர்டோ தவறு. 1049 என்றால் அந்தப் பெயரில் தரவுத்தளம் இல்லை, எழுத்துப் பிழை பாருங்கள். 1044 வந்தால் பயனருக்கு அந்தத் தரவுத்தளத்தில் உரிமை கொடுக்க மறந்திருப்பீர்கள், அல்லது தரவுத்தளத்தின் பெயரைத் தவறாக எழுதியிருப்பீர்கள். 2002, 2003 அல்லது விண்டோஸில் 10061 கண்ணில் பட்டால் பெரும்பாலும் சர்வரே ஓடவில்லை. விண்டோஸில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, மரியாடிபி என்ற வரிக்கு நேரே ரன்னிங் என்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் வலது கிளிக் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். 1130 என்றால் நீங்கள் வேறு கணினியிலிருந்து வருகிறீர்கள், பயனருக்கு அங்கிருந்து வர அனுமதி இல்லை.

இரண்டாவது கணினி

இவ்வளவும் செய்ததன் பெரிய பலன் இங்கேதான். ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து, ஒரே நேரத்தில், அதே தரவை இருவர் பயன்படுத்தலாம். மூட்டைக் கோப்பில் அது நடக்கவே நடக்காது.

ஹெய்டியில் இன்னொரு பயனரை உருவாக்கி, ஃப்ரம் ஹோஸ்ட் என்ற இடத்தில் உங்கள் உள் நெட்வொர்க்கின் முகவரியை, கடைசி எண்ணுக்குப் பதில் சதவீதக் குறியிட்டு எழுதுங்கள், உதாரணமாக 192.168.1.% என்று. சர்வர் கணினியின் ஃபயர்வாலில் 3306 திறந்திருக்க வேண்டும். உபுண்டுவில் மரியாடிபி முதலில் தன் கணினிக்கு மட்டும் காது கொடுக்கும். அமைப்புக் கோப்பில் பைண்ட் அட்ரஸ் என்ற வரியில் 127.0.0.1 என்று இருப்பதை 0.0.0.0 ஆக்கி, சர்வீஸை நிறுத்திக் கிளப்ப வேண்டும். இரண்டாவது கணினியின் பேஸில் சர்வர் இடத்தில் முதல் கணினியின் ஐபி முகவரியைக் கொடுங்கள். ரௌட்டரில் அந்த முகவரி மாறாமல் நிறுத்தி வைக்காவிட்டால் ஒரு நாள் காலையில் வந்து பார்க்கும்போது இணைப்பு போயிருக்கும்.

ரௌட்டர் வழியாக 3306ஐ இணையத்துக்குத் திறந்துவிடும் வேலையை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். திறந்து கிடக்கும் போர்ட்களைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. உறுப்பினர்களின் போன் நம்பரும் முகவரியும் நம்மை நம்பிக் கொடுத்தவை.

இன்னொருவர் சேர்த்த பதிவு உங்கள் ஃபார்மில் தானாக வந்து நிற்காது. ஃபார்மின் கீழ்ப்பட்டையில் இருக்கும் ரிஃப்ரெஷை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காப்பி எடுப்பது மாறிவிட்டது

இத்தனை நாள் ஓடிபி கோப்பை பென்டிரைவில் போட்டால் தரவும் கூடவே வந்தது. இனி வராது. ஹெய்டியில் டூல்ஸ் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் டேட்டாபேஸ் ஆஸ் எஸ்க்யூஎல்’ என்பதைத் திறந்து, தரவுத்தளத்துக்கும் டேபிளுக்கும் கிரியேட், டேட்டா இடத்தில் இன்செர்ட், ஒரே கோப்பாக என்று கொடுத்து, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துச் சேமியுங்கள். அந்தக் கோப்பு, ஓடிபி கோப்பு, இரண்டும் சேர்ந்ததுதான் முழுக் காப்பி. நாங்கள் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை படிப்பகம் பூட்டும் முன் எடுக்கிறோம்.

எடுத்த காப்பியை ஒரு முறையாவது திரும்ப ஏற்றிப் பாருங்கள், ஆனால் அதே சர்வரில் வேண்டாம், அது நடப்புத் தரவின் மேலேயே போய் விழும். மரியாடிபி நிறுவிய வேறொரு கணினியில், ஹெய்டியின் ஃபைல் மெனுவில் ‘ரன் எஸ்க்யூஎல் ஃபைல்’ கொடுத்து, முடிந்ததும் மரத்தைப் புதுப்பித்து, ஏதாவது ஒரு டேபிளைத் திறந்து கடைசிப் பதிவின் தேதியைச் சரிபாருங்கள்.